கம்பளிக்குள் வந்த கை

நரி முகத்தில் விழிக்கும் அதிர்ஷ்டத்துக்கு விலை இரண்டரை ரூபாய். கண்ணாடியும் சட்டமும் மாட்டுகிற ஆணியும் சேர்த்தால் நாலு ரூபாய். ஆணி வேண்டாம் என்றால் விலை குறையாது.

இந்த விலையை முடிவு செய்தவர் தாராவியில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் இசக்கிமுத்து. ஒருவனுக்கு யோகம் அடித்தால் 'நரி முகத்துல முழிச்சிருக்கான்' என்று சொல்லாத தமிழன் தாராவி முதல் செம்பூர் வரை கிடையாது. நிஜமாகவே நரி முகத்தில் விழித்த தமிழனும் கிடையாது. கேட்க ஆள் இருக்கிறது, கொடுக்கச் சரக்கு இல்லை. நரியின் படத்தைக் கட்டிலுக்கு எதிரே மாட்டிவிட்டால் தினமும் யோகம்தானே? தெரிந்தவர்கள் எல்லாரிடமும் முன்பணம் வாங்கிவிட்டார். நரி மட்டும்தான் பாக்கி.

முதலில் மிருகக்காட்சி சாலை நரியைப் படம் எடுத்துக் காட்டினார். தோல் பட்டறை அபுதாஹிர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கூண்டுக்குள்ள கெடக்குற நரில்லா?"

"நரி நரிதானே பாய்."

"அதுக்கே யோகம் இல்லாமத்தான் உள்ள கெடக்கு. அது மூஞ்சில நான் முழிச்சா, என்னையும் தூக்கி உள்ள வைக்கவா?"

பேச்சில் நியாயம் இருந்தது. ஆகவே காட்டு நரி தேவைப்பட்டது. மாஹிம் காடி என்று சொல்கிற உப்பங்கழிக் கரையில், சதுப்பும் புதருமாகக் கிடக்கிற இடத்தில் நரி உண்டு. ஆனால் மனித வாடை அடித்தால் அது அந்த ஜில்லாவிலேயே இருக்காது.

அதற்கு வழி வைத்திருந்தவர் ஞானராஜ். நாசரேத்துப் பக்கத்துக்காரர், மாட்டுங்காவில் போட்டோ ஸ்டூடியோ. எவனோ ஒரு வெள்ளைக்காரன் கப்பலேறும்போது பாக்கிக்கு ஈடாக விட்டுப்போன நீள லென்ஸ் ஒன்று அவரிடம் இருந்தது. முழங்கை நீளம், சுரைக்காய்ப் பருமன், அம்மிக்குழவி கனம்.

"இதை மாட்டினா அரை பர்லாங்குல நிக்கிற நரி ஒங்க மடியில வந்து உக்காந்துரும் அண்ணாச்சி."

"கடிக்காதே?"

"படத்துல எங்க கடிக்க? ஆனா ஒண்ணு. தூரத்துல இருக்குறதையெல்லாம் இது ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டிக் காட்டும். நரிக்குப் பின்னால எங்கயோ நிக்கிறதும் நரி முதுகுல நிக்கிற மாதிரி தெரியும், அதுவும் பொக மாதிரி. அதனால பின்னால என்ன இருக்குன்னு பாத்துக்கிடுங்க."

"பின்னால சேறுதான் இருக்கு."

"பொறவு, கறுப்புக் கம்பளியத் தலையோட போத்திக்கிடுங்க. கண்ணாடி மட்டும் வெளிய தெரியணும். மூச்சு விட்டாக்கூடப் படம் ஆடிரும்."

வாடகை நாளைக்கு மூன்று ரூபாய் என்றார் ஞானராஜ். ஒன்றரைக்கு முடித்துக்கொண்டு கேமராவையும் கம்பளியையும் அவரிடமே இரவல் வாங்கி வந்தார் இசக்கிமுத்து.

அன்று சாயங்காலம் லென்ஸைத் தோளில் சாய்த்துக்கொண்டு காடிக்குப் போகிற வழியில் பூதத்தான் எதிர்ப்பட்டான். அவனும் இசக்கிமுத்துவின் ஊர்ப்பக்கத்து ஆள்தான். காடி ஓரத்தில் புல் அறுத்துத் தபேலா என்கிற மாட்டுக் கொட்டகைகளுக்குப் போடுகிறவன். அதிகம் பேசமாட்டான், பேசினால் கேள்வியாகத்தான் பேசுவான்.

"என்ன குழாய் அண்ணாச்சி இது?"

உண்மையைச் சொன்னால் நாளைக்கே நாலு பேர் நரி முகம் விற்பார்கள். "சரக்குப் பாக்கப் போறேன்" என்றார் இசக்கிமுத்து.

"இதை வச்சா?"

"கிட்டப் போய்ப் பாத்தா விக்கிறவன் வெலைய ஏத்திருவாம்லா?"

பூதத்தான் இதைத் தலையில் புல்கட்டோடு சேர்த்துச் சுமந்துகொண்டு போனான்.

முதல் நாள் நரி வந்தது. லென்ஸுக்குள் அதன் மீசை மயிர்கூடத் தெரிந்தது. ஆனால் இசக்கிமுத்துவின் நெஞ்சு அடிக்கிற அடியெல்லாம் லென்ஸ் வழியாகப் போய் நரியின் மேல் விழுந்து, நரி மாவு சலிக்கிற மாதிரி ஆடியது. லென்ஸை அசையாமல் வைக்க மறுநாள் கடையிலிருந்து ஒரு சிறு மூட்டையைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தார். நம் கடைச் சரக்கு மிளகாய் என்பது கம்பளிக்குள் தலையை விட்ட பிறகுதான் நினைவு வந்தது. அவர் போட்ட தும்மலில் நரி மட்டுமல்ல, புதருக்குள் கள்ளச்சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தவர்களும் ஓடினார்கள். அதற்கடுத்த நாள் மல்லி மூட்டை கொண்டு போனார்.

அன்றிலிருந்து தினமும் வெயில் சாயும் நேரத்துக்குப் போய், கால்வாய் போல உள்ளே நுழைகிற ஒரு நீர்த்துண்டுக்கு இக்கரையில் படுத்துக்கொள்வார். அக்கரைப் புதர்தான் நரி வரும் இடம். லென்ஸை அங்கே காட்டி, கம்பளியை இழுத்து மூடி, வலக்கையைப் பொத்தானில் வைத்து, இடக்கையைக் கம்பளி ஓரத்தில் மூட்டை மேல் போட்டுக்கொண்டு காத்திருப்பார்.

ஒரு வாரம் இப்படிப் போனது. அந்த வாரக் கடைசியில் ஒரு நாள், தாராவியின் சத்தமெல்லாம் யாரோ மூடி போட்டது போல அடங்கிற்று. பட்டறைச் சுத்தியல் இல்லை, ரயில் இல்லை. சேற்றில் எங்கோ ஒரு குமிழ் வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நரி வந்தது. இசக்கிமுத்து நரியின் கண்ணைத் தவிர வேறெதையும் பாராமல், மூச்சை அடக்கி ஒரு படம் எடுத்தார்.

நரி போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் திருப்பியது. நேருக்கு நேர் வருகிறது, நாலு ரூபாய் முகம். ஆனால் அது அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, எதையோ பார்த்தது. பார்த்தபடி அப்படியே அசையாமல் நின்றது.

அப்போது கம்பளி ஓரம் லேசாக உயர்ந்து, ஒரு கை உள்ளே வந்தது.

ஈரமான கை. தண்ணீரில் வெகுநேரம் கிடந்தது போன்ற குளிர். அது அவருடைய இடக்கையைத் தேடவில்லை. இருக்கிற இடம் தெரிந்தது போல வந்து பிடித்தது. ஐந்து விரலையும் சேர்த்து ஒரு அழுத்து. பிறகு இரண்டு விரலை மட்டும் பிடித்து ஒரு அழுத்து.

ஏழு.

வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். இசக்கிமுத்து மாட்டுத் தரகர் மகன். ஊர்ச் சந்தையில் அவருடைய அப்பா துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரல் பிடித்து விலை பேசித்தான் குடும்பம் வளர்ந்தது. வெளியே நிற்கிறவன் எவனுக்கும் தெரியாது, விரல்தான் பேசும். 'துண்டுக்குள்ள கை இருக்கும்போது வாயத் தொறந்தா வியாபாரம் நாறிரும்' என்பது அப்பா பிடரியில் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். இசக்கிமுத்துவின் மூளை பயந்து நின்றுகொண்டிருக்க, அவருடைய கை தொழிலைப் பார்த்தது. எவன் எந்த விலை சொன்னாலும் முதல் சொல்லுக்குப் படியக் கூடாது. கை தானாகவே அந்தக் குளிர்ந்த விரல்களைப் பிடித்து, ஐந்து, ஐந்து, இரண்டு என்று அழுத்தியது.

பன்னிரண்டு.

வந்த கை அப்படியே நின்றது. உயிர் போனது போல நின்றது. பிறகு அவருடைய உள்ளங்கையில் தன் உள்ளங்கையை வைத்து இறுக்கிற்று. முடிந்தது என்று அர்த்தம். கடைசியாக ஒரு விரலால் அவர் உள்ளங்கையில் மெதுவாக ஒரு வட்டம் போட்டது. சந்தைக் கணக்கில் வட்டம் என்றால் பௌர்ணமி. சரக்கு அன்றைக்குக் கை மாறும்.

அதிர்ச்சியில் வலக்கை பொத்தானை அழுத்திவிட்டது. கம்பளியை உதறிக்கொண்டு எழுந்தார். ஆள் இல்லை. நரியும் இல்லை. கம்பளி ஓரம் வரை தண்ணீர் ஏறிச் சேற்றை வழித்துவிட்டிருந்தது; ஒரு காலடிகூட இல்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அவர் மனைவி சண்முகவடிவு சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள்.

"யார்ட்ட வித்திய?"

"தெரியல."

"என்னத்த வித்திய?"

"அதுவும் தெரியல."

"வெல?"

"பன்னெண்டு."

"பன்னெண்டு என்ன? ரூவாயா? படியா? மூட்டையா?"

"அதை விரல்ல கேக்க முடியாது, வடிவு. அது சரக்கப் பொறுத்தது. சின்னச் சரக்குன்னா பத்துல பேசுவோம், பெரிய சரக்குன்னா நூறுல பேசுவோம்."

"சரக்கே என்னன்னு தெரியாதே. ஒரு வீச மொளகாய இப்படி வித்திருப்பியளா?"

கஞ்சித் தண்ணியைக் கீழே வைத்துவிட்டு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அந்த நேரம் ஒங்ககிட்ட அங்கன என்னதான் இருந்தது?"

"கேமராவும் லென்ஸும் ஞானராசுக்குள்ளது. கம்பளியும் அவருக்குள்ளது. மல்லி மூட்டை பாதிக்கு மேல புழு."

"அப்பம் ஒங்களுக்குச் சொந்தமா அங்க இருந்தது நீங்க மட்டுந்தான்" என்றாள் சண்முகவடிவு.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மாட்டுங்காவுக்கு ஓடினார். படத்தைக் கழுவிப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஞானராஜ் இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டார். தட்டில் மருந்துத் தண்ணீருக்குள் காகிதம் மிதந்தது. முதலில் நரியின் கண் வந்தது. பிறகு மூக்கு. அருமையான முகம். பிறகு அதற்குப் பின்னால் ஏதோ வர ஆரம்பித்தது.

கறுப்பாக, நரிக்கு மேலே குன்று போல எழுந்தது. குன்றின் உச்சியில் இரண்டு பக்கமும் வளைந்து இரண்டு கொம்பு. கொம்புகளுக்குப் பக்கத்தில் புகையாக ஒரு ஆள். ஆளின் கையில் கயிறு.

ஞானராஜ் தட்டின் மேல் குனிந்தார். பிறகு, "அண்ணாச்சி, இந்த ஆளு எங்க வேதத்துல இல்ல. இவரு ஒங்க ஆளு" என்றார்.

"நல்லாப் பாரும் வே. மரம் கிரமா இருக்கும்."

"மரம் கயிறு புடிச்சு நிக்குமா?" அடுத்த காகிதத்தைத் தட்டில் போட்டார். அது இரண்டாவது படம். கை உள்ளங்கையில் வட்டம் போட்டபோது எடுத்தது. அதே நரி, அதே கறுப்புக் குன்று, அதே கொம்பு. ஆனால் ஆளைக் காணோம்.

"மேல இருந்தவரு எங்க?" என்றார் ஞானராஜ்.

"அப்பம்தான் எங்கிட்ட வந்திருந்தாவ" என்றார் இசக்கிமுத்து.

கயிற்றோடு வந்தவன் உயிருக்குத் தவணை ஏழு சொல்லியிருக்கிறான். ஏழு நாளோ, ஏழு மாதமோ, ஏழு வருஷமோ. இவர் பன்னிரண்டு என்று கூட்டியிருக்கிறார். கூட்டியது நல்லதுதான் என்று ஒரு கணம் மனதைத் தேற்றிக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் என்றால் மோசமில்லை. ஆனால் வட்டம்? பௌர்ணமிக்குச் சரக்கு கை மாற வேண்டும் என்றால் கணக்கு இடிக்கிறதே. பௌர்ணமி இந்த வாரத்திலேயே வருகிறது.

பேரத்தை முறித்துவிடுவது என்று முடிவு செய்தார். துணிக்குள் முடித்ததைத் துணிக்குள்தான் முறிக்க முடியும். அன்று சாயங்காலமே அதே இடத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இடக்கையை வெளியே நீட்டினார். லென்ஸைச் சும்மா பெயருக்கு அக்கரைப் பக்கம் வைத்திருந்தார். இந்தத் தடவை அவர் அதற்குள் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நீர் சலசலத்தது. கை வந்தது. இன்றைக்கு இன்னும் குளிராக இருந்தது.

முறிக்க வேண்டும் என்றால் எதிராளியின் உள்ளங்கையை நகத்தால் ஒரு தரம் சுரண்ட வேண்டும். இரண்டு தரம் சுரண்டினால் சரக்கோடு கொசுறும் சேர வேண்டும் என்று அர்த்தம். சந்தையில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் பேரம் பேசியே பழகிய கை எங்கே ஒரு தரத்தோடு நிறுத்தும்? இரண்டு தரம் சுரண்டிவிட்டது.

வந்த கை யோசித்தது. ரொம்ப நேரம் யோசித்தது. பிறகு மனமில்லாதது போல, அவருடைய சுண்டுவிரலைப் பிடித்து ஒரே ஒரு அழுத்து அழுத்திவிட்டு, வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பாய்ந்து பிடிக்கப் போன இசக்கிமுத்து கம்பளியில் சிக்கி லென்ஸோடு சேற்றில் விழுந்தார். தலையை நிமிர்த்தியபோது நீரில் வட்டங்கள் மட்டும் அக்கரையை நோக்கி விரிந்துகொண்டு போயின.

"முறிச்சிட்டியளா?" என்று வாசலிலேயே கேட்டாள் சண்முகவடிவு.

"கொஞ்சம் கூடிப்போச்சு."

"என்ன கூடிப்போச்சு?"

"சரக்கோட கொசுறு ஒண்ணும் சேந்துக்கிட்டு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. "இந்த வீட்டுல ஒங்கள எடுத்தா மிச்சம் இருக்குறது நான் ஒருத்திதான்" என்றாள். "கட்டுன பொண்டாட்டிய கொசுறா குடுத்த மகராசன் நீங்கதான்."

அதன்பிறகு இசக்கிமுத்து கடையில் நடந்துகொண்ட விதம்தான் தாராவியையே கலக்கியது. தராசில் சரியான எடை போட ஆரம்பித்தார். முள் நடுவில் நிற்கிற வரைக்கும் காத்திருந்தார். பட்டறை அபுதாஹிர் மனைவி நூர் நிஷா அரை வீசை மிளகாய் வாங்கிப் போய் வீட்டில் நிறுத்துப் பார்த்துவிட்டு, பொட்டலத்தோடு திரும்பி ஓடி வந்தாள்.

"அண்ணே, ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

"சொல்லுங்க அண்ணே. அரை வீசைன்னு வாங்கினா அரை வீசை இருக்கு. எனக்குப் பயந்து வருது."

அவர் முன்பணத்தையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வாங்கியவர்கள் எண்ணிப் பார்த்தார்கள்; குறையவில்லை. அபுதாஹிர் மட்டும், "நரி கெடச்சிட்டா?" என்று கேட்டார்.

"கெடச்சது பாய். பின்னாலயே இன்னொண்ணும் கெடச்சது. அதை மாட்டினா நீங்க முழிக்கவே மாட்டிய."

பௌர்ணமி வந்தது. சண்முகவடிவு கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கேட்டதற்கு, "கொசுறாப் போனாலும் கௌரவமாப் போவோம்" என்றாள். இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். தெருவில் ஒரு நாயும் குரைக்கவில்லை. நிலா ஜன்னல் கம்பியைத் தரையில் போட்டு, அதை மெதுவாக நகர்த்திக்கொண்டே போயிற்று. எப்போது கண் அசந்தார்கள் என்று இருவருக்கும் தெரியாது.

விடிகாலையில் ஏதோ சூடான காற்று முகத்தில் பட்டு இசக்கிமுத்து விழித்தார்.

ஜன்னல் நிறைய ஒரு முகம் இருந்தது. கரிய முகம். ஈர மூக்கு. இரண்டு பக்கமும் வளைந்த கொம்பு. கொம்பைச் சுற்றிக் காடிப் பாசி. அந்த முகம் அவரையே பார்த்துக்கொண்டு நிதானமாக எதையோ மென்றது. ஊருக்கெல்லாம் நரி முகம் விற்கப் புறப்பட்டவர், தான் விழித்தது இந்த முகத்தில்.

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சண்முகவடிவின் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு பயந்தாலும் கணக்கு தெரியாமல் சாக வியாபாரியால் முடியாது.

"வாரேன்" என்றார். "மறுக்கல. முடிச்ச பேரம் முடிச்சதுதான். ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. பன்னெண்டுன்னு பேசினோமே, அது நாளா, மாசமா, வருசமா?"

"நூறு" என்றது ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல்.

பன்னிரண்டு நூறு. ஆயிரத்து இருநூறு வருஷம். இசக்கிமுத்துவின் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பா இருந்திருந்தால் அழுதிருப்பார். வம்சத்தில் எவனும் இப்படி ஒரு பேரம் முடித்ததில்லை. தைரியமாகக் கண்ணைத் திறந்து, எழுந்து, கதவைத் திறந்தார்.

எருமை நின்றது. அதன் காலோடு ஒட்டிக்கொண்டு ஒரு கன்றுக்குட்டி நின்றது. முழங்கால் வரை சேறும், ஈர வேட்டியும், கையில் கயிறுமாக நின்றவன் பூதத்தான்.

"அக்கரையில நின்ன என் எருமைய ஒரு வாரமா குழாய் வச்சுப் பாத்து, துணியப் போத்தி வெரலும் பேசிட்டு, சரக்கு வந்ததும் இப்படி முழிச்சா எப்படி அண்ணாச்சி?" என்றான் அவன், எருமையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே. "எழுநூறுன்னுதான் நான் வெரலப் புடிச்சேன், ஆயிரத்து எரநூறுன்னு ஏத்தினது நீங்க, மனசு மாறிருவியளோன்னு ஓடிட்டேன், கொசுறுக்குக் கன்னுக்குட்டி சரியாப் போச்சு, பழைய கயிறு வழக்கப்படி விக்கிறவனுக்கு, புதுக் கயிறு ஒங்க செலவு, ஆக எனக்கு வர வேண்டிய பாக்கி ஆயிரத்து எரநூறு."